லிஜா தைத்த சுருக்குப்பை

லைனிங் வச்ச சுருக்குப்பை தைக்கிறது பெரிய வித்தை ஒண்ணும் இல்ல, மக்கா. மேல்துணியும் உள்துணியும் நல்ல பக்கம் உள்ளே வர்ற மாதிரி சேர்த்து வச்சுச் சுத்தி அடிக்கணும். உள்துணியிலே மட்டும் ரெண்டு விரல் போற அளவுக்கு ஒரு இடம் தைக்காம விடணும். அது வழியாத்தான் முழுப்பையையும் வெளியே இழுத்துத் திருப்புவோம். பொறவு அந்த இடத்தைக் கையாலே தைச்சு மூடி, மேலே நாடா கோர்த்தா சோலி முடிஞ்சுது.

நீ கொண்டுவந்து மிஷின் மேலே வச்சிருக்கிற இந்தப் பை லிஜா தைச்சது. திருப்ப விட்ட இடம் மட்டும் நான் மூடினது. சார்ஜாவிலே உனக்க ரூமிலே இருக்கிற தையக்காரன் சொன்னது சரிதான், ரெஜின். தையல் சரிஞ்சு போற பக்கத்தைப் பாத்தாலே இடதுகைக்காரி போட்டதுன்னு தெரியும். இந்த வீட்டிலே இடதுகைக்காரி நான் ஒருத்திதான். உங்க வீட்டிலே இதை அப்பவே கடல்ல எறிஞ்சிருப்பீங்கன்னு நினைச்சேன். அவ கைபட்டதுன்னு நீ இத்தனை வருஷம் பெட்டியிலே வச்சிருப்பேன்னு எனக்குத் தோணல்ல.

உக்காரு. லிஜா மீன் வாங்கக் கடப்புறம் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள சொல்லிருதேன்.

சுனாமியிலே எனக்க அண்ணனும் மைனியும் போன பொறவு, அவங்க மவ லிஜாவுக்கு நான், எனக்கு அவள்னு ஆச்சு. எனக்குக் கல்யாணமும் நடக்கல்ல, பிள்ளையும் இல்ல. நிவாரணத்திலே கிடைச்ச மிஷினிலே அவளுக்குத் தையல் படிச்சுக் கொடுத்தேன். அவளுக்கு உன்னைப் பேசி முடிச்சப்போ எனக்கும் சந்தோசம்தான். அதிலே பொய் இல்ல. சொந்தக்காரங்க வீடு வீடா ஏறிச் சொன்னதே நான்தான்.

நிச்சயத்துக்கு வரும்போது உனக்க அம்மைக்குப் பரிசாக் கொடுக்கணும்னு அவ இந்தப் பையை வெட்டினா. செபமாலையும் வெத்திலையும் போட்டு வச்சுக்கிடட்டும்னா. தைச்சுக்கிட்டே சிரிச்சா.

"மாமி, நான் போயிட்டா ஊசியிலே நூல் கோர்த்துத் தர ஒரு பிள்ளையப் பாத்து வைக்கணும், கேட்டியளா?"

"போட்டீ, எனக்கக் கண்ணுக்கு என்ன கேடு?"ன்னேன்.

அவ தமாசுக்குச் சொன்னதுதான். ஆனா எனக்கு நெஞ்சுக்குள்ள அப்படி ஒரு வெப்ராளம். போறது அவளுக்கு எவ்வளவு லேசா இருக்குன்னு அப்பத்தான் பாத்தேன்.

பையைத் திருப்பிப் போட்டுட்டு அவ கோயிலுக்குச் செபமாலை சொல்லப் போனா. செம்புப் பானைக்கு ஒட்டுப்போட வாங்கின தகடு கொஞ்சம் வீட்டிலே கிடந்தது. நகத்தளவு வெட்டி, ஆணியாலே நாலு கோடு கீறினேன். எழுத்து ஒண்ணும் இல்ல, எனக்கு மந்திரம் தெரியாது. உனக்க அம்மை அன்னைக்குக் காலையிலே ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துட்டுப் போயிருந்தாங்க. அவங்க தலைமுடி ஒண்ணு அளவு நாடாவிலே சிக்கிக் கிடந்தது. அதைத் தகட்டிலே சுத்தி உள்ளே விட்டேன். பொறவு நெருக்க நெருக்கமாத் தைச்சு மூடினேன்.

லிஜா வந்து பாத்துட்டு, "மாமியே மூடிட்டியளா"ன்னு என்னைக் கட்டிப்பிடிச்சா. யாரு கேட்டாலும் முழுசும் நானே தைச்சேன்னு சொல்லணும், மாமியாருக்கு அதுதான் பெருமைன்னு சொல்லிக் கொடுத்தேன்.

துணியைத் தடவிப் பாக்காம உனக்க அம்மை ஒண்ணும் வாங்கமாட்டாங்க. அது எனக்குத் தெரியும். நிச்சயத்தன்னைக்கும் தடவினாங்க, விரலிலே தட்டுப்பட்டது, கத்திரி கேட்டு மூடின தையலிலே பாதியைப் பிரிச்சாங்க. கூடோத்திரம், தன்னைக் கொல்ல மருமவ வச்ச செய்வினைன்னு அவங்க நெஞ்சிலே அடிச்சது நீயும் பாத்ததுதானே. "இதை ஆருட்டி மூடினது?"ன்னு கேட்டாங்க. லிஜா என்னை ஒரு பார்வை பாத்தா. மூடுறதுக்கு முந்தியே வேற ஆரோ உள்ளே போட்டிருக்காங்க, மாமி அறியல்லன்னு நினைச்சு, எனக்கப் பேரும் கெட்டுப்போகுமேன்னு பயந்து, "நான்தான்"னு சொன்னா. அப்பவாவது நான் சொல்லியிருக்கணும். தரையைப் பாத்துக்கிட்டு நின்னேன். அதை நினைச்சா இப்பவும் தோலு உரியுது.

கல்யாணம் கொஞ்ச நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்னு நினைச்சேன். அடுத்த மாசம் உனக்க அம்மை மாரடைப்பிலே போவாங்கன்னு நான் கண்டனா? ஊரு அதுக்கும் லிஜா பேரைத்தான் சொல்லிச்சு. பூசைக்குப் போனா பக்கத்திலே இருக்கிறவ எழும்பி அடுத்த பெஞ்சுக்குப் போவா. கைப்பிள்ளைக்காரிகள் அவளைக் கண்டா பிள்ளை முகத்தை முந்தானையாலே மூடுவாளுவ. இப்போ அவ கோயிலுக்கே போறதில்ல. நான் போறேன். பாவசங்கீர்த்தனத்திலே கோவப்பட்டது, புறணி பேசினது எல்லாம் ஃபாதருக்கிட்டே சொல்லுவேன். இதைச் சொன்னதில்ல. அவ்வளவு வெக்கம்.

எனக்கக் காலுக்குத் தைலம் தடவிக்கிட்டே, "ஊரே கைவிட்டாலும் மாமி என்னைக் கைவிடல்லியே"ம்பா. அந்த நேரம் நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம்போல இருக்கும். ஆனா பாரு, அவ சாப்பிடாம நான் ஒருநாளும் சாப்பிட்டதில்ல.

கேட்டை உள்ளே தள்ளுற சத்தம் கேக்குது, அவதான். அக்காளுக்க ஜாக்கெட்டுக்குத் துணி கொடுக்க வந்தேன்னு சொல்லு. பையை எடுத்து உள்ளே வை. கூட்டிட்டுப் போறேன், அது இதுன்னு அவ மனசைக் குழப்பிராதே. இது தெரிஞ்சா அவ தாங்கமாட்டா, மக்கா. பாவம், என்னை விட்டா அவளுக்கு வேற ஆரு இருக்கா?