தாடிக்காரர் பக்கத்து சீட்டு

ரயிலில் குண்டு வெடித்துச் சில வாரம்தான் ஆகியிருந்தது. திருத்தணி போகும் லோக்கலில், தாடிக்காரர் ஒருவர் மடியில் பையை இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் பக்கத்து சீட்டெல்லாம் காலி. நானோ இரண்டு தடியர்களுக்குப் பின்னால் என் தொப்பையை ஒளித்துக்கொண்டு கதவோரம் நின்றேன். மணவூரில் ஏறிய பூக்காரம்மாதான் கேட்டார்.

"பையில இன்னா நைனா வச்சிகினு கீற?"

"மாத்து வேட்டி, மொட்டைக்கு சந்தனம்மா. மலைக்குப் போறேன்."

"வேண்டுதலா?"

"ஆங். வெடிச்ச ரயில்ல எம் பொண்ணு இருந்தா. பொழைச்சா மொட்டை போடறேன்னு வேண்டிக்கினு, அன்னிலேர்ந்து ஷேவ் பண்ணல. நேத்துதான் கண்ணு தொறந்தா."

பூக்காரம்மா கூடையை இறக்கி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

தாடிக்காரர் என்னைப் பார்த்து, "பயப்படாம வந்து உக்காருங்கண்ணா. மலைக்குப் போனதும் தாடிய எடுத்துடுவேன்" என்றார்.