அரை நிமிஷம் முந்திய சத்தம்

தேவாலாவிலிருந்து கூடலூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் கால்பந்து பனியன் போட்ட எஸ்டேட் தொழிலாளி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

“நான் போன்ல மேட்ச் பாக்கறப்ப, கோல் விழறதுக்கு முன்னாடியே மேல் லைன் வீடுகள்ல கத்தறாங்க.”

“காசு கட்டிப் பாக்கற ஆப்புல மேட்ச் அரை நிமிஷம் லேட்டாத்தானுங்க வரும். அவங்க டிவில பாப்பாங்க.”

“தேயிலைக்கு விலையில்லாம மேல் லைனைக் காலி பண்ணி ரெண்டு வருசமாச்சுங்க. அங்க கரண்டே இல்லை.”

பக்கத்தில் இருந்தவர் ஜன்னலை மூடினார்.

தொழிலாளி தொடர்ந்தார்: “நேத்து சத்தம் எங்க பக்கத்து ஊட்டுல இருந்து வந்துச்சு.”

“அங்க யார் இருக்காங்க?”

“போன வாரந்தான் காலி பண்ணிட்டுத் திருப்பூர் போனாங்க.”

“இன்னைக்கும் மேட்ச் பாப்பீங்களா?”

“மாசம் முடியறவரைக்கும் ஆப்புக்குக் காசு கட்டியாச்சுங்களே.”