தேதி இல்லாத ஏழு கடிதங்கள்

தேதி போடாத கடிதத்தைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். சோளக்காடுகளுக்கு நடுவே இருந்த எங்கள் ஊர்ப் பள்ளியில் கடிதம் எழுதுவதற்கென்றே வாரத்தில் ஒரு வகுப்பு உண்டு. வலது மூலையில் தேதி இல்லாவிட்டால் மிச்சத்தைப் படிக்கவே மாட்டார்கள். அந்தப் பழக்கம் ஐம்பத்தெட்டு வயதிலும் போகவில்லை.

அந்த ஜன்னலைச் சரியாக மூடட்டுமா? வேண்டாமா. சரி, உட்கார்ந்தே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

மாநில சட்ட அலுவலகத்தின் தேர்தல் பிரிவில் நாங்கள் ஏழு வக்கீல்கள். தலைவி மார்லீன் ஓக்விஸ்ட். நவம்பர் தேர்தலில் மறுபடி நின்ற ஆளுநர் நாலாயிரத்துச் சொச்சம் வாக்கில் தோற்றார். ஹால்வர் கவுண்டி என்னும் மாவட்டத்தின் வாக்குகளில் ஐயம் இருப்பதாக எங்கள் பிரிவு ஒரு கடிதம் எழுதினால் போதும். சட்டமன்றம் முடிவைத் தள்ளிவிட்டு அவரையே வென்றவராக அறிவித்துவிடும். மூன்று வாரம் தேடினோம். மோசடி எதுவும் இல்லை. அப்படித்தான் ஏழு பேரும் கையெழுத்திட்டுக் கொடுத்தோம்.

ஆளுநரின் உதவியாளர் கிர்பி தினமும் வந்து மார்லீனின் மேசை மேல் ஏறி உட்காருவார்.

"ஒரே ஒரு பக்கம், மார்லீன். உங்க வீட்டு மளிகைச் சீட்டே இதைவிட நீளமா இருக்கும்."

"மளிகைச் சீட்டுல நான் பொய் எழுதறதில்ல, கிர்பி. எறங்கு. என் சாண்ட்விச் மேல உக்காந்திருக்க."

எங்கள் அலுவலகத்தில் வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்தோடும் ஒரு மஞ்சள் சீட்டு இருக்கும். எழுதியவர், சரிபார்த்தவர் என்று இரண்டு வக்கீல்கள் அதில் சுருக்கொப்பம் இட்டால்தான் முத்திரை விழும். பிரிவில் ஒரே ஒருவர்தான் மிஞ்சியிருக்கிறார் என்றால் மட்டும் அவருடையது ஒன்றே போதும்.

டிசம்பர் முதல் வாரம் மார்லீன் எங்களைக் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னார். எழுதியே ஆக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தால், அந்த நிமிடமே ஏழு பேரும் ஒன்றாக விலகுவது. மஞ்சள் சீட்டில் ஒப்பமிட ஆளே இருக்காது. புது ஆளை அமர்த்துவதற்குள் சட்டமன்றம் முடிவெடுக்க வேண்டிய கெடு தாண்டிவிடும். ஏழு பேரும் விலகல் கடிதம் எழுதி, கையெழுத்திட்டு, தேதியை மட்டும் விட்டுவைத்தோம். பத்திரமாக வைத்திருக்க என்னிடம் கொடுத்தார்கள்.

"எப்போ குடுக்கணும்கிற நிபந்தனைய எழுத்துல போடலையே?" என்று கேட்டேன்.

எங்களில் ஒருவரான டெஸ்மண்ட் வாய் நிறைய ரொட்டியோடு சிரித்தார். "உங்கிட்ட குடுக்கறோமே, அதுதான்யா நிபந்தனை. தபால் பெட்டிகூட உன் அளவுக்கு ஒழுங்கு கிடையாது."

அடுத்தவர் ஒப்பந்தத்தில் ஒரு காற்புள்ளி குறைந்தாலும் திருப்பி அனுப்புகிறவர்கள். எல்லோரும் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஐந்து நாள் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இழுப்பறையைத் திறப்பேன், காலியாக இருக்கும் வலது மூலைகளைப் பார்ப்பேன், மூடுவேன். சாப்பாட்டின் நடுவில் எழுந்து போய்க் கதவுத் தாழைச் சரிபார்ப்பேன். "நாற்காலியில முள்ளு கிள்ளு இருக்கா, வென்டல்?" என்றாள் என் மனைவி.

புதன்கிழமை காபி இயந்திரத்தின் பக்கத்தில் கிர்பி என்னைப் பிடித்தார். மிரட்டவில்லை. "ஏழு பேர்ல நீ ஒருத்தன்தான் என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பறதில்ல. ஏன்ப்பா?" என்றார். கடிதம் முறையான வடிவத்தில் இருந்தால் யார் மீதும் எனக்குக் கோபமில்லை என்றேன். மார்லீனின் அறையை எனக்குத் தருவதாக அவர் சொன்னது அதற்கெல்லாம் பிறகுதான். அதாவது, அன்று பிற்பகல்.

வியாழன் காலை எல்லோருக்கும் முன்னால் வந்தேன். மார்லீன் நீல மையில் எழுதுவார், டெஸ்மண்ட் பச்சையில். அவரவர் மையிலேயே தேதி போட்டேன். ஆறு கடிதங்கள். பணியாளர் பிரிவில் கொடுத்தேன்; எட்டு நாற்பதுக்குப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை விழுந்தது. எங்கள் விதிப்படி அதற்கு மேல் திரும்பப் பெற முடியாது. ஒன்பது மணிக்கு அவர்களுடைய நுழைவு அட்டைகளுக்கு வாசல் கதவு திறக்கவில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. டெஸ்மண்ட் கண்ணாடியைத் தட்டினார்.

"வென்டல், கதவு மறுபடி மக்கர் பண்ணுது. உள்ளேர்ந்து அந்தப் பொத்தானக் கொஞ்சம் அமுக்கு."

இருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு மேசைக்குத் திரும்பினேன்.

கிர்பி கேட்ட அந்தக் கடிதத்தில் பொய் ஒன்றும் இல்லை. 'ஐயம் எழுந்துள்ளதாகத் தெரிவிக்கப்படுகிறது' என்றுதான் எழுதினேன். யாரைக் குறித்த ஐயமோ அவரது முழுப் பெயரும் முகவரியும் இரண்டாம் வரியில் வர வேண்டும் என்பது முறை. ஹால்வர் கவுண்டியின் தேர்தல் அலுவலர் ஐலீன் ஸ்டோட்ஸ். அவரது அலுவலகம் பழுதுபார்ப்பில் இருந்ததால் வீட்டு முகவரியைப் போட்டேன். கதவு எண்ணை இரண்டு முறை சரிபார்த்தேன். சட்டமன்றத்தில் நேரலையில் அதை அப்படியே வாசித்தார்கள். மாலைக்குள் ஆளுநர் வென்றவரானார்.

சனிக்கிழமை நண்பகல் ஐலீன் ஸ்டோட்ஸின் வீட்டுக்குத் தீ வைக்க வந்தவர்களிடம் என் கடிதத்தின் நகல் இருந்ததாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். அவர் உள்ளே இருந்தாரா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. நீங்களாகத்தான் சொன்னீர்கள்.

ஆம், ஆறு தேதிகளையும் போட்டது நான். மஞ்சள் சீட்டில் தனியாக இருப்பது என் சுருக்கொப்பம். மறுக்கவில்லை. ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: ஏழாவது கடிதம், என்னுடையது, கையெழுத்தோடு இன்னும் அந்த இழுப்பறையில்தான் இருக்கிறது. தவறான எதையாவது எழுதச் சொல்லி யாரேனும் என்னை வற்புறுத்தினால், அன்றே அதில் தேதியைப் போட்டுவிடுவேன்.