புறாக்கள் தின்ற புல்வெளி

"ஒரு புல்வெளியவே புறாவுக்குப் போட்டுட்டேன்க்கா!"

செம்பூரில் வாஷி ரயில் ஏறி உட்கார்ந்ததும், பெண்கள் பெட்டியில் என் காதில் விழுந்த முதல் தமிழ் இது. சொன்னவள் மடியில் வெறும் சாக்கு ஒன்று மடித்துக் கிடந்தது.

"என்னட்டி சொல்லுத?" என்றாள் பக்கத்தில் இருந்த பெரியவள்.

"எம் மவ சோலாப்பூர்ப் பக்கம் மானுக்கும் ஓநாய்க்கும் புல்லுக்காடு வளக்கால்லா? அதுக்கு மூணு மாசமா கையால உருவிச் சேத்த விதைக்கா. நான் ஏதோ தீனின்னு தினமும் மாடியில புறாவுக்குப் போட்டேன். சாக்கு காலி. நாளைக்கு எடுக்க வாரா. மழைக்கு முன்ன விதைக்கணுமாம்."

"இப்ப என்ன செய்யப் போற?"

"வாஷி மார்க்கெட்ல சாமையும் தினையும் வாங்கி ரொப்பிருவேன்."

"ஓநாய் வந்து உப்புமா கேக்கும்ட்டி!"

இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போன் அடித்தது. இரைச்சலில் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அம்மா, விதை மூட்டை?"

"பத்திரமா இருக்கு."

"அப்பாடா! முளைக்கலைன்னாகூட அடுத்த வருசம் பாத்துக்கலாம்மா. வேற எதும் கலந்து முளைச்சாதான் மொத்த நெலமும் கெட்டுரும்."

மான்குர்த் தாண்டிப் பாலம் வந்தது. சிரிப்பு நின்றிருந்தது. அம்மாக்காரி மடியில் கிடந்த சாக்கையே பெரியவள் பார்த்தாள்.

"ஏட்டி," என்றாள் அம்மாக்காரி கடைசியில் போனில் மகளிடம், "நாளைக்கு வரும்போது மூட்டை தூக்க ஆள் வேண்டாம். புறா பிடிக்க ஒரு வலை கொண்டா."