கைப்பிடி முன்னால்தான் இருந்தது

பொம்மை ரயில் எஞ்சின் நாம் சொன்ன திசையில் போகவில்லை என்றால் முதலில் தண்டவாளத்தைத் துடைக்க வேண்டும். பாதிப் பழுது அழுக்கில்தான் இருக்கும். அப்படியும் சரியாகவில்லை என்றால் சக்கரம், அப்புறம் மோட்டாருக்குள் உரசும் கரித்துண்டு, கடைசியாக ஒயர். மோட்டாருக்குப் போகிற இரண்டு ஒயரும் இடம் மாறினால் முன்னால் என்பது பின்னால் ஆகிவிடும். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிகிற சங்கதி.

என் பழைய போர்மேன் வீட்டுப் பொம்மை எஞ்சினில் நான் செய்ததும் இவ்வளவுதான். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நாம் ஒன்று சொல்ல, கேட்கிறவன் வேறொன்று எழுதிக்கொள்வான். பட்டவன் நான். அதனால் நானே எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் ஒரு தொழிற்சாலைக்குள் சரக்குப் பெட்டிகளை இழுக்கும் சின்ன மின்சார எஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்தேன். பெட்டிகளைக் கொக்கி மாட்டி இணைக்கிற வேலை என் மச்சினனுக்கு. என் மனைவியின் ஒரே தம்பி. வாய் ஓயாதவன். அன்றும் தண்டவாளத்தில் இறங்கும்போது, "மாமா, எஞ்சின் இன்னிக்கு உங்க பேச்சக் கேக்குமா, இல்ல அதுக்கும் அக்காதான் வரணுமா?" என்றான். நான் சிரித்துக்கொண்டே கைப்பிடியை முன்னால் தள்ளினேன். எஞ்சின் பின்னால் போனது. அவன் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் நின்றிருந்தான்.

எஞ்சினில் திசை மாற்றும் சுவிட்ச் பெட்டி தேய்ந்திருக்கிறது என்று போர்மேனிடம் இரண்டு முறை சொல்லியிருந்தேன். குனிந்து அடியில் பார்க்கிற ஆள் இல்லை அவர். வெள்ளைச் சட்டை அழுக்காகிவிடும். மேலே நின்றபடியே கையெழுத்துப் போடுவார். அவன் சாவு விசாரணையில் நான் சொன்னது ஒரே வார்த்தை: கைப்பிடி முன்னால்தான் இருந்தது. அவர் எழுதிக் கொடுத்தது: எஞ்சினில் பழுதில்லை, இந்த ஓட்டுநருக்கு முன் எது, பின் எது என்ற நிதானம் இல்லை.

வேலை போனது. என் மனைவி மட்டும் நம்பினாள். "நீங்க முன்னாடிதான் தள்ளியிருப்பீங்க" என்றாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் இத்தனை வருடம் அவள் முகத்தைப் பார்த்துச் சோறு தின்றேன்.

பிறகு மிக்சி, மின்விசிறி, பொம்மை பழுது பார்க்கிற கடை போட்டேன். போன வருடம் ஒரு பெண் வந்தாள். "அப்பா ரூம் முழுக்க தண்டவாளம் போட்டு ரயில் ஓட்டுறாருங்கய்யா. எஞ்சின் ரிவர்ஸ் எடுக்க மாட்டேங்குது. வந்து பாக்குறீங்களா?"

போனேன். அதே போர்மேன். தலை நரைத்திருந்தது, சட்டை அதே வெள்ளை. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "வாய்யா மெக்கானிக்" என்றார். தெரிந்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன்.

கரித்துண்டை மாற்றினேன், பழுது தீர்ந்தது. கையோடு எஞ்சினின் வயிற்றுப் பக்கம் மிளகளவு சுவிட்ச் ஒன்றை வைத்தேன். நகத்தால் தள்ளினால் இரண்டு ஒயரும் இடம் மாறும். கவிழ்த்துப் பார்த்தால் எவனுக்கும் தெரியும். அவர் பார்க்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். கடைசிவரை பார்க்கவில்லை.

வாரம் ஒருமுறை எஞ்சினைத் துடைக்கப் போவேன். கிளம்பும்போது சுவிட்சைத் தள்ளிவிடுவேன். சில வாரம் தள்ளாமல் வருவேன். எப்போதும் தப்பாகப் போனால் மனுஷன் எஞ்சினைச் சந்தேகப்படுவான். ஒரு வாரம் சரி, ஒரு வாரம் தப்பு என்றால் தன்னைத்தான் சந்தேகப்படுவான்.

மின்சார எஞ்சினுக்கு இரண்டு முனையிலும் ஒரே முகம். எது முன்பக்கம் என்பது ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும். "முன்னாடி தள்றேன், பின்னாடி போகுது பாரும்மா" என்று மகளை இழுத்து வந்து, ரயிலை ஓட்டும் கைப்பிடியைத் தள்ளிக் காட்டுவார். "ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானேப்பா இருக்கு" என்பாள் அவள். நான் வந்து துடைக்கிற சாக்கில் சுவிட்சைத் திருப்பி வைத்ததும், அவர் வாயாலேயே "இப்ப சரியாப் போகுது" என்பார். மகள் என்னைப் பார்ப்பாள். நான் துணியை மடித்துக்கொண்டிருப்பேன்.

நாலாவது மாதம் கதவைத் தள்ளுவதா, இழுப்பதா என்று வாசலில் நின்றார். சட்டையில் உள்பக்கம் எது என்று மகளைக் கேட்டார். அதெல்லாம் நான் செய்ததில்லை. அதை என் தலையில் கட்டக் கூடாது.

ஒருநாள் மகள் டாக்டரை அழைத்து வந்தாள். "வாரா வாரம் வர்றவரு, இவரக் கேளுங்க" என்று என்னைக் காட்டினாள். போர்மேன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மெக்கானிக், நீயாவது சொல்லுய்யா. போன வாரம் பின்னாடிதானே போச்சு?"

"முன்னாடிதான் போச்சு ஐயா. உங்களுக்குத்தான் இப்பல்லாம் முன் எது, பின் எதுன்னு நிதானம் இல்ல."

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

போர்மேன் என் முகத்தையே பார்த்தார். "இவன் என்கிட்ட வேலை பாத்தவன்மா. இவன் எஞ்சின் டிரைவர்" என்றார். "சரிப்பா, சரிப்பா" என்று மகள் அவர் முதுகைத் தடவினாள்.

இப்போது அவர் வெளியே பூட்டுப் போடுகிற விடுதியில் இருக்கிறார். ஒருமுறை போய்ப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து வலது கையால் காற்றைத் தள்ளுவதும் இழுப்பதுமாக இருந்தார். நிம்மதியாக வீடு திரும்பினேன்.

எஞ்சினையும் தண்டவாளத்தையும் கைப்பிடியையும் மகள் என்னிடமே கொடுத்துவிட்டாள். "இதப் பாத்தாலே பயமா இருக்குங்கய்யா, நீங்களே வச்சுக்குங்க." சுவிட்சைப் பிடுங்கிப்போட்டு, ஒயரைச் சரியாகப் பற்றவைத்தேன். சாப்பாட்டு மேசையில் தண்டவாளத்தை வட்டமாகப் போட்டேன். மனைவி எதிரில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். கத்தி நிற்கவில்லை. பிறகு, "இப்ப பாரு, முன்னாடி போகும்" என்று கைப்பிடியைத் தள்ளினேன். பின்னால் போனது.

தண்டவாளத்தைத் துடைத்தேன். சக்கரத்தைத் துடைத்தேன். கரித்துண்டு புதிது. ஒயர் சரி. மறுபடி, "முன்னாடி" என்று தள்ளினேன். பின்னால் போனது. மூன்றாவது தடவை அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, வாய் முன்னாடிங்குது. கை பின்னாடி இழுக்குது."

"உனக்கு எஞ்சினப் பத்தி என்ன தெரியும்?"

அவள் எஞ்சினைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கும் இப்படித்தானா?" என்றாள். பாதி நறுக்கிய காயை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

இன்றோடு ஒன்பது நாள், என்னோடு பேசவில்லை. நான் எஞ்சினை ஒவ்வொரு திருகாகக் கழற்றி மேசையில் பரப்பி வைத்திருக்கிறேன். பழுது உள்ளேதான் எங்கோ இருக்கிறது. கண்டுபிடித்து அவளுக்குக் காட்டிவிடுவேன்.