நல்ல செல் பார்த்து வாங்குவது எப்படி

செல் வாங்கும்போது விலையைப் பார்க்கக் கூடாது மேடம், எடையைப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் பருமனில் உருளையாக இருக்குமே, அந்த லித்தியம் செல் நல்லதாக இருந்தால் தராசு நாற்பத்தைந்து கிராம் பக்கத்தில் நிற்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டு டார்ச் லைட்டுக்கு உதவும்.

என் பெயர் ஆரோக்கியசெல்வி. ஊர் உறுவையாறு. பேட்டரி கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் ஆறு வருடமாக இருக்கிறேன். காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி வேன் வரும். உள்ளே பதினான்கு பெண்கள். ஜெயசித்ரா பின் சீட்டில் உட்கார்ந்து எங்கள் சூப்பர்வைசர் மாதிரியே பேசிக் காட்டுவாள். கம்பெனி வருவதற்குள் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். உலகத்திலேயே உனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் மாதா கோவில் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வாக்குமூலத்தில் பொய் சொல்லக் கூடாது இல்லையா, அந்த வேன்தான்.

என் வீட்டுக்காரர் இன்னாசிமுத்து லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பீடியை விட்டுவிட்டு மின்சாரப் புகைக்கருவிக்கு மாறியிருந்தார். பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த அவருடைய பெரியப்பா மகன் சார்லஸ் விட்டுப்போனது அது. இழுத்து விட்டால் வீடு முழுக்க ஸ்ட்ராபெரி மணக்கும். நம் நாட்டில் தடை செய்த பொருள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் விசாரிக்க வந்ததே அதைத்தான், நான்தான் பேச்சை வளர்த்துக்கொண்டு போகிறேன்.

அதற்குச் செல் வாங்க அவர் மதகடிப்பட்டுக்குக் கிளம்பியபோது நானும் தொற்றிக்கொண்டேன். கடைக்காரர் ராமு சிவப்பாக ஒன்றை நீட்டினார். மேலே கொள்ளளவு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் மில்லி ஆம்பியர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"இன்னாண்ணா, இந்த சைசுல நாலாயிரமே தாண்டாது. பொய்ய கொஞ்சம் கம்மியா அடிக்கக் கூடாதா?" என்றேன். பக்கத்துப் பழக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். முப்பது கிராம்.

"யம்மா, நீ நாளைக்கி வர்றதா இருந்தா சொல்லிடு, கடைய மூடிர்றேன்" என்று ராமு கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு உள்ளேயிருந்து நல்லதாக மூன்று வந்தன. மேல் தோலில் கீறல் இல்லை, தலைப்பக்கத்தில் மின்சாரம் தாவாமல் தடுக்கும் வெள்ளை வளையம் ஒழுங்காக இருந்தது. ஒன்று கருவிக்குள், ஒன்று உதிரிக்கு, ஒன்று வீட்டில். உதிரியை வைக்க ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் நான்தான் வாங்கினேன். செல்லை வெறுமனே பையில் போட்டால் சாவியோ சில்லறையோ உரசி, சூடேறி, வெடித்துவிடும். "எம் பொண்டாட்டிகிட்ட யார் பாச்சாவும் பலிக்காது" என்று அவர் தெரு முழுக்கச் சொல்லிப் பூரித்தார்.

இந்த வருடம் எங்கள் தெருவில் குகை மாதிரிக் கட்டிய மாதா கெபியின் திருவிழாவில் சாவி முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. சப்பரம் நிற்கும் அறையின் இரும்புச் சாவிக்கொத்து அது. கொடியேற்றத்தன்று வாங்குகிறவர், கொடி இறங்கும்வரை அதைத் தரையில் வைக்கக் கூடாது, வேறொருவர் கையிலும் கொடுக்கக் கூடாது. எதிர்வீட்டு ஆண்டனி ஒருமுறை குளிக்கும்போது நழுவவிட்டார். பதினெட்டு வருடமாகிறது, அந்த வீட்டை இன்னும் முறைக்குக் கூப்பிடவில்லை.

சாவி வந்ததும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது சொன்னார்: "சாவிக்கார வூட்டு பொம்பள வேன்ல இளிச்சிக்கினு போறது நல்லா இல்லடி. கொடி எறங்கன மறுநாளு கம்பெனிக்கு வந்து எழுதிக் குடுத்துட்றேன்."

"இன்னாத்த எழுதிக் குடுக்கப் போறீங்க?"

"நீ இனிமே வரமாட்டன்னுதான்."

அன்று சாயங்காலம் முழுக்க அழுதேன் மேடம். வேலை போய்விடுமே என்பதைவிட, அந்தச் சிரிப்பு போய்விடுமே என்று அழுதேன். அப்புறம் பாத்திரம் கழுவும்போது அலமாரியில் இருந்த டப்பா கண்ணில் பட்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

நான் செய்தது ரொம்பக் கொஞ்சம். டப்பாவை எடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பவனிக்கு அவர் போடும் பேன்ட்டில் இடது பக்கப் பை பிரிந்திருந்தது, தைக்காமல் விட்டேன். அப்போது சாவிக்கொத்து உட்பட எல்லாம் வலது பைக்குத்தானே போகும்?

"செல்வி, டப்பா எங்கடி?"

"எங்கயோ வெச்சிட்டேங்க. அப்பிடியே போட்டுக்கினு போங்க, நான் பாத்து வாங்குன செல்லுதான" என்று சொல்லி நானே பையில் போட்டுவிட்டேன். ஒரு சின்னச் சூடு, தொடையில் ஒரு கொப்புளம், பத்து நாள் படுக்கை. கம்பெனிக்கு எழுதிக்கொடுக்க யார் போவது? அவ்வளவுதான் என் எண்ணம்.

சப்பரம் கிளம்பியது. பேண்டு வாத்தியம் காதைப் பிளந்தது. நான் மெழுகுவர்த்தியோடு பின்னால் போனேன். பரீட்சை முடிவு வரும் நாள் மாதிரி மனம் துள்ளிக்கொண்டே இருந்தது. முச்சந்தியில் சத்தம் கேட்டபோது எல்லோரும் பட்டாசு என்று நினைத்தார்கள். வேறு யாராக இருந்தாலும் பையைப் பிதுக்கி எல்லாவற்றையும் ரோட்டில் கொட்டியிருப்பார்கள். இவர் எரிகிற பைக்குள் கையை விட்டுச் சாவியைப் பிடித்துத் தூக்கினார்.

"கீழ போடுய்யா! போட்டுத் தொலைய்யா!" என்று நாலு பேர் கத்தினார்கள். அவர் போடவில்லை. போடமாட்டார் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு இதுகூடத் தெரியாதா?

ஆஸ்பத்திரியில் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். தொடைக்கு வேறு இடத்துத் தோலை ஒட்ட வேண்டுமாம். இனி வண்டி ஓட்ட முடியாது. ஆனால் சாவி தரையில் படவில்லை, அந்தப் பெருமை அவருக்கு இருக்கிறது. நான் வேலையை விடும் பேச்சே இப்போது இல்லை, வீட்டில் ஒருவராவது போக வேண்டுமே. திங்கட்கிழமை வேனில் ஏறியதும் ஜெயசித்ரா கட்டிப்பிடித்து அழுதாள். அப்புறம் சூப்பர்வைசர் குரலில் எனக்கு ஆறுதல் சொல்லிக் காட்டினாள். பாவம், என்னைச் சிரிக்கவைக்க அவள் கஷ்டப்படவே வேண்டியிருக்கவில்லை.

இப்போது நீங்கள் கேட்டீர்களே, உதிரிக்கு ஒன்று போதும் என்னும்போது பையில் ஏன் இரண்டு செல் எரிந்து கிடந்தன என்று. நல்ல கேள்வி, வேறு யாரும் கேட்கவில்லை. ஆமாம், இரண்டையும் முதல் நாளே முழுக்கச் சார்ஜ் ஏற்றி, தலைப்பக்கத் தோலை நகத்தால் உரித்து, வெள்ளை வளையத்தைக் கழற்றி வைத்தது நான்தான். சின்னச் சூடுதான் எனக்கு வேண்டியிருந்தது, இதை மாதா மேல் சத்தியமாகச் சொல்வேன். ஆனால் எங்கள் பிரிவில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள் மேடம், ஒரே ஒரு சாம்பிளை நம்பி எதிலும் இறங்கக் கூடாது என்று.