தம்பி மகள் பேரில் ஒரு பதில்

உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். மாணவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்கிறவர் இன்னும் வயதானவராக இருப்பார் என்று நினைத்தேன்.

என் தம்பி மகள் யாரோ எழுதிய இரண்டு பக்கத்தைத் தன் கட்டுரையில் சேர்த்துக் கொடுத்தாள். பிறகு தானே போய் ஒப்புக்கொண்டாள். பல்கலைக்கழகம் ஆறு மாதம் வீட்டுக்கு அனுப்பியது. அதில் எனக்குக் குறையில்லை. நீங்கள்தான், தினமும் தனக்கே ஒரு கடிதம் எழுதித் தன்னை மன்னித்துக்கொள்ளச் சொன்னீர்கள். அருமையான ஏற்பாடு. திருடன் கையிலேயே சாவி.

முதல் கடிதத்தை எடுத்துப் படித்தேன். 'நான் கெட்டவள் இல்லை, பயந்துபோனேன்' என்று எழுதியிருந்தாள். முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தில் ஒரு மெமோகூட வாங்காதவன் வீட்டில் இப்படி ஒரு வாக்கியம். 'பயந்தவள் ஏன் திருடினாள்?' என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி, மேசையிலேயே வைத்தேன். அடிக்கவில்லை, திட்டவில்லை. தினமும் பிழை திருத்தினேன், அவ்வளவுதான்.

இருபதாம் நாள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“பெரியப்பா, இன்னிக்கு எழுதினது சரியா இருக்கா?”

“பரவாயில்லம்மா. இன்னும் கொஞ்சம் உண்மையா எழுது.”

தம்பிதான் முணுமுணுத்தான். “அண்ணே, புள்ள சரியா சாப்பிடறதே இல்ல.”

“பசிச்சா சாப்பிடுவா. நீ தாங்கு தாங்குன்னு தாங்கித்தான் இந்த லட்சணம்.”

அவன் என்னை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன்.

அப்புறம் பல்கலைக்கழகக் கடிதம் வந்தது. இடம் காத்திருக்கிறது, பதினைந்து நாளில் பதில் போடு என்று. அதை அவள் கண்ணில் காட்டவில்லை. 'இந்தப் படிப்புக்கு நான் தகுதியற்றவள், பெயரை நீக்கிவிடுங்கள்' என்று நானே எழுதி, அவள் கையெழுத்தையும் போட்டு அனுப்பினேன். நீங்கள் சந்தேகப்பட்டு வந்தது சரிதான். அவள் அடுத்தவர் எழுத்தைத் தன்னுடையது என்றாள். நான் என் எழுத்தை அவளுடையது என்றேன். இரண்டும் ஒன்றாகுமா?

கெடு முடிந்த மறுநாள் வந்த கடிதத்தையும் என் பதிலின் நகலையும் அவளிடம் கொடுத்தேன். நான் ஒளித்து வைக்கிற ஆள் இல்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். நிதானமாகப் படித்தாள்.

“நீங்க எழுதினது சரிதான் பெரியப்பா” என்றாள்.

மனம் உடைந்துவிட்டது என்றெல்லாம் உங்கள் கோப்பில் எழுதாதீர்கள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அப்படி ஆனதில்லை.